கலெக்டர் கும்பிடவில்லை

முன்கால்களைத் தரையில் நீட்டி, தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு உங்கள் நாய் வெகுநேரம் நின்றால், உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். அது சோம்பல் முறிக்கவில்லை. அதற்கு வயிறு வலிக்கிறது.

எங்கள் நாயின் பெயர் கலெக்டர். வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலக வாசலில் வண்டியில் அடிபட்டுக் கிடந்தவனை, அங்கே டைப்பிஸ்டாக இருந்த நான்தான் தூக்கி வந்தேன். "ஆபீஸ்ல ஒரு கலெக்டர் போதாதா உனக்கு?" என்றார் என் கணவர். அதுவே பெயராகிவிட்டது.

அவனுக்கு வந்தது கணைய அழற்சி (செரிமான நீர் சுரக்கும் கணையம் வீங்கிப் புண்ணாவது). முதல் முறை கால்நடை மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்.

"நெய், எண்ணெய் கண்ணுலயே காட்டாதீங்க. இன்னொரு வாட்டி வந்தா தாங்காதுங்க" என்றார்.

கஞ்சியும் தோலுரித்து வேகவைத்த கோழியுமாகக் கொடுத்துத் தேற்றினோம். மறுபடியும் செருப்பைக் கடிக்கத் தொடங்கினான். எனக்கு உயிர் வந்தது.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. ஒரு பௌர்ணமியன்று மாலை வேலை முடிந்து வந்தால், எங்கள் கேட்டின் முன்னே கூட்டம். உள்ளே கலெக்டர் மலையைப் பார்த்துக் குனிந்து நிற்கிறான். நெற்றியில் விபூதி, கழுத்தில் மாலை, முன்னால் நக்கித் துடைத்த தொன்னைகள்.

"என்ன குடுத்தீங்க?" என்று கத்தினேன்.

"நெய்ப் பொங்கல்மா. மத்தியானம் சாப்ட்டதுலேர்ந்து மலையைக் கும்புட்டுட்டே நிக்குது பாருங்க! போன ஜென்மத்துல சித்தரா இருந்திருக்கும்" என்றார் ஓர் அம்மாள், கன்னத்தில் போட்டுக்கொண்டே.

"கும்புடலைங்க! வயித்து வலி, துடிக்குது!"

"பிரசாதம்மா. ஒண்ணும் பண்ணாது."

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் ஆட்டோ எதையும் விடமாட்டார்கள். கணவரும் நானும் மாறி மாறி அவனைப் போர்வையில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்தோம். கூட்டமும் அதே திசையில்தான் போனது. நாயோடு கிரிவலம் வருகிறோம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வழி மட்டும் விடவில்லை. அத்தனை பேரையும் அறைய வேண்டும்போல் இருந்தது.

மருத்துவர் அவன் ஈறுகளை விலக்கிப் பார்த்தார். வெளுத்திருந்தன. "ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சுங்க. இனிமே வலியை இழுத்தடிக்க வேணாம்" என்று கருணை ஊசியை (வலியில்லாமல் உயிர் அடங்கப் போடுவது) எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். மாலையைக் கழற்றி எறிந்தேன். முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தேன். சித்தராக அவனை அனுப்ப எனக்குச் சம்மதமில்லை. எங்கள் நாயாகத்தான் என் மடியில் தலை வைத்துப் போனான்.

அதற்குப் பிறகும் பௌர்ணமிதோறும் யாராவது கேட்டருகே நின்று, "சாமி கும்புடற நாய் எங்கங்க?" என்று கேட்கிறார்கள். பொங்கல் தின்று செத்துப்போனது என்கிறேன். "குடுத்து வெச்ச ஜீவன்" என்று சொல்லிவிட்டு நடக்கிறார்கள்.

கோயிலில் எல்லோரும் விழுந்து கும்பிடும்போது நான் மட்டும் நின்றுகொண்டிருக்கிறேன். குனிந்த முதுகைப் பார்த்தால், இவருக்கு எங்கே வலிக்கிறதோ என்றுதான் தோன்றுகிறது.