தேர் வந்தது, நெட் போனது

போன வாரம் சிதம்பரத்தில் தேர். அதே நாளில் அங்கே என் மாமியார் வீட்டில் நெட் போய்விட்டது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நான்தான்.

என் பிழைப்பு என்னவென்று இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒருமுறை – கடலூரில் ஓர் உள்ளூர் இன்டர்நெட் கம்பெனியில் ஃபைபர் நெட்வொர்க் டிசைனர். எந்தத் தெரு வழியாகக் கேபிள் போக வேண்டும், எந்தக் கம்பத்தில் ஏற வேண்டும், எங்கே பிரிந்து யார் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் படம் போடுகிற வேலை. இதை என் கணவரின் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே... டிசைனர் என்றதும் ஒரு பெரியம்மா பிளவுஸ் துணியோடு வந்துவிட்டார். மாமியார்தான் குறுக்கே புகுந்து முடித்துவைத்தார்.

"அது இல்லக்கா. இவ கம்ப்யூட்டர்ல கோடு போடுறா."

கோடுதான், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு அழகான கோடு! திரையில் நீல நிறத்தில் நேராகப் போகும். அதுவே தெருவுக்கு இறங்கிவிட்டால் கதை வேறு. தேவனாம்பட்டினத்தில் என் கோட்டின் மேல் ஓர் அக்கா நைட்டி காயப்போட்டிருந்தார். முதுநகரில் காதுகுத்து பேனரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மங்கலம்பேட்டையில் ஒருவர், தன் வாசலுக்கு நேரே கம்பம் நட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று குழிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சரி என்று கம்பத்தை அடுத்த வீட்டு வாசலுக்குத் தள்ளினோம். வேலை முடிந்ததும் ஆபீசுக்கு வந்த முதல் போன் அவருடையதுதான். "பக்கத்து வூட்டுக்கு மட்டும் நெட்டு வந்துடுச்சி, எங்களுக்கு ஏன் வரல?"

கம்பம் அடுத்தவன் வாசலில், நெட் என் வீட்டு ஹாலில். நம் ஊரில் கட்சி பேதம் இல்லாமல் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே கொள்கை இதுதான்.

இப்போது சிதம்பரத்துக்கு வருகிறேன். அங்கே லைன் போடும்போது எங்கள் ஓனர் ஓர் ஆசையைச் சொன்னார். அவர் கேபிள் டிவி காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். மழை வந்தாலும் லாரி இடித்தாலும் நெட் அறுந்துபோகக் கூடாது என்றார். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. 'ரிங்' என்போம். கேபிள் ஊரைச் சுற்றி வட்டமடித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடும். ஓர் இடத்தில் அறுந்தால் மறுபக்கத்திலிருந்து நெட் வரும். வீட்டில் இருப்பவருக்கு அறுந்ததே தெரியாது.

சிதம்பரத்தில் ரிங் போட எது தோது? யோசிக்கவே தேவையில்லை. கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. கோவிலைச் சுற்றி அகலமான நான்கு வீதிகள், வரிசையாகக் கம்பங்கள், வழியெல்லாம் கடைகள். நம் முன்னோர்கள் எனக்காகவே ரிங் போட்டு வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அப்படியே அதன் மேல் என் நீலக் கோட்டை இழுத்தேன். ஓனர் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"சூப்பரும்மா. இனிமே அந்த சாமியே வந்து அறுத்தாலும் நெட்டு போவாது."

அவர் வாயை யாராவது அன்றைக்கே மூடியிருக்கலாம்.

உனக்குத் தேர் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். கல்யாணமான வருஷமே வடம் பிடித்தவள் நான். தேர் உயரமானது, குறுக்கே போகும் கேபிளைக் கழற்றினால்தான் நகரும் என்பதும் தெரியும். ஆனால் வடம் பிடித்தவள் அந்த ஊர் மருமகள். ரிங் போட்டவள் கம்பெனி டிசைனர். இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஓர் இடத்தில் கழற்றினால் என்ன, மறுபக்கம் வரப்போகிறது என்று டிசைனர் இருந்துவிட்டாள். சாட்டிலைட் படத்தில், தகரத்துக்குள் மூடிக்கிடந்த தேரை 'ஷெட்' என்று குறித்தும் வைத்திருந்தாள்.

என் நாத்தனார் கயல்விழி படித்துவிட்டு நீண்ட நாளாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஒரு பெங்களூர் கம்பெனியில் எல்லாச் சுற்றும் தாண்டிக் கடைசி இன்டர்வியூ, வீடியோவில். அவர்கள் கொடுத்த தேதி – தேர் அன்று. நமக்குத்தானே உள்ளூர் விடுமுறை, பெங்களூருக்கு என்ன? மாற்றிக் கேட்டுப் பார்த்தாள், முடியாது என்றுவிட்டார்கள்.

"அண்ணி, நான் நெய்வேலில பிரண்டு வூட்டுக்குப் போயி அட்டண்ட் பண்ணிடவா?" என்றாள்.

"எதுக்கு? அண்ணி போட்ட ரிங்கு இருக்கு. தைரியமா வூட்லயே உக்காரு" என்றேன். ஆணவம்தான், வேறென்ன!

தேர் அன்று என் கணவரும் மாமாவும் வடம் பிடிக்கப் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். மேல வீதியும் தெற்கு வீதியும் சேரும் மூலையில் ஒரு சந்துக்குள் வீடு. தேருக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். இன்வெர்ட்டர் இருந்தது. நெட் ஓடிக்கொண்டிருந்தது. மோடத்தில் எரியும் பச்சை விளக்கைக் காட்டி, "பாத்தீங்களா அத்த?" என்றேன். மாமியார் "ம்ம்" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குப் போனார்.

கயல் தலை வாரி, நல்ல சுடிதாரில் லேப்டாப் முன் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் இரண்டு பேர். தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். முதல் கேள்விக்கு அழகாகப் பதில் சொன்னாள். இரண்டாவது கேள்வி பாதியில் நின்றது. கேட்டவர் வாய் திறந்தபடி உறைந்துபோனார். பச்சை விளக்கு சிவப்பாகியிருந்தது.

லைனில் நிற்கும் எங்கள் ஆள் செந்திலுக்கு போன் போட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவே கத்தினார்.

"அக்கா, மேல வீதில கழட்டிட்டோம். புள்ளையார் தேரு திரும்பிடுச்சி!"

"சரி செந்தில், தெற்கு வீதி பக்கமா வரணுமே?"

"அங்கயும் கழட்டிதான்க்கா கெடக்கு. பின்னாடி அம்மன் தேரு இன்னும் தெற்கு வீதிலதான் நிக்கிது. அஞ்சு தேருக்கா! ஒண்ணு போச்சின்னு மாட்டுனா அடுத்தது வருது."

அப்போதுதான் உறைத்தது. ஒரு தேராக இருந்தால் என் டிசைன் ஜெயித்திருக்கும். ஆனால் சாமி தனியாக வரவில்லை. குடும்பத்தோடு வந்திருந்தார். ரிங் இரண்டு இடத்தில் அறுந்து, சரியாக நடுவில் எங்கள் வீடு மாட்டிக்கொண்டது.

"மாட்ட எவ்ளோ நேரம் ஆவும்?"

"அத சாமிகிட்டதான்க்கா கேக்கணும்."

மொபைல் நெட்டைப் போட்டுப் பார்த்தோம். சிக்னல் முழுசாகக் காட்டியது, ஒன்றும் நகரவில்லை. வீதியில் நிற்கும் அத்தனை கூட்டமும் தேரை லைவ் போட்டுக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும்? கயல் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு, உறைந்துபோன அந்த மனிதரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூர் கம்பெனியிலிருந்து அவள் போனில் ஒரு மெசேஜ் மட்டும் எப்படியோ வந்து விழுந்தது. சிறிது நேரம் காத்திருக்கிறோம், அதன்பின் அடுத்தவரை அழைத்துவிடுவோம் என்றிருந்தது. அவள் வேலைக்கு நான் உலை வைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சிவப்பு விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கயலு, லேப்டாப்ப எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வாடி."

அவர் அறையில், பழைய லேண்ட்லைன் போனுக்குப் பின்னால், எதையோ ஒரு துண்டு மூடிக் கிடந்தது. துண்டை எடுத்தார். உள்ளே இன்னொரு மோடம்! பச்சை விளக்கோடு! என் கம்பெனி ஃபைபர் வந்த அன்றே துண்டித்தாகிவிட்டது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த பழைய டெலிபோன் லைன். மண்ணுக்கு அடியில் வருவது. அதன் தலைக்கு மேல் ஐந்து தேர் என்ன, ஐம்பது தேர் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

"பாஸ்வேர்டு அதும் பின்னாலயே ஒட்டியிருக்கு பாரு" என்றார்.

ஆமை வேகம்தான். வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசினாள். பேச்சுக்கு நடுவே மேளமும் சங்கும் கேட்டன. அது என்ன சத்தம் என்று அந்த ஆள் கேட்டதும், எங்கள் ஊர்த் தேரைப் பற்றி இவள் பிரமாதமாக ஆங்கிலத்தில் விளக்கிவிட்டாள். நேற்று மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது!

ஆபீசில் ஓனர் படத்தை விரித்துவைத்துத் தலையைச் சொறிந்தார். "ரிங்க இன்னும் கொஞ்சம் பெருசா போட்டுடலாமாம்மா?" என்றார். வேண்டாம், இரண்டாவது வழி தேர் எட்டிப் பார்க்காத வெளித்தெருக்கள் வழியாக வரட்டும் என்றேன். உண்மையில் எங்கள் படிப்பில் முதல் பாடமே அதுதான். இரண்டாவது வழிக்கும் முதல் வழிக்கும் ஒட்டும் இருக்கக் கூடாது, உறவும் இருக்கக் கூடாது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

மனசு கேட்கவில்லை. மாமியாருக்கு போன் போட்டுக் கேட்டேவிட்டேன்.

"ஏன் அத்த, அந்த லைன வச்சிருக்கீங்கன்னு எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா நீ மனசு சங்கடப்படுவ. ஒன் லைனு நல்லாத்தாம்மா ஓடுது, சீரியல்லாம் ஜோரா வருது. ஆனா நீ வந்து ரெண்டு வருஷம்தான ஆவுது? முழுசா நம்புறதுக்கு இன்னும் கொஞ்ச நாளு ஆவட்டும்னு பாத்தேன்."

கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. கொஞ்சம் அழுகையும். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை நான் போட்ட அத்தனை பேக்கப்பிலும் தேர் அன்று வேலை செய்தது ஒன்றே ஒன்றுதான் – என் மாமியாரின் அவநம்பிக்கை.

மாமியாரும் மருமகளும் ஒரே வழியில் போனால்தான் குடும்பம் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். ஒரு நெட்வொர்க் டிசைனராகச் சொல்கிறேன்... தயவுசெய்து வேண்டாம்!