சிவப்பு மிதவைக்கு அந்தப் பக்கம்

கொல்கத்தா நியூ டவுன் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை செல்வி. நாகர்கோவில்காரி, என்னைவிட இளையவள். ஹூக்ளி ஆற்றில் வார இறுதிப் படகுப் பயிற்சிக்கு இருவரும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். ஆனால் பயிற்சியாளர் பிமல்தா அவளை மட்டுமே புகழ்ந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அவளை முந்துவதற்காகவே அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து வழிகாட்டும் மிதவைகளில் எந்த நிறத்தை எந்தப் பக்கம் விட வேண்டும் என்ற விதிகளை மனப்பாடம் செய்தேன்.

அன்று கடல் பக்கமிருந்து நகரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தோம். சுக்கான் என் கையில். பிமல்தா குனிந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே சிவப்பு மிதவை.

“அக்கா, சிவப்பு நமக்கு இடப்பக்கம் வரணும்.”

“எனக்குத் தெரியும், நீ சும்மா இரு!”

மிதவையை வலப்பக்கம் விட்டுப் படகைத் திருப்பினேன். படகு சேற்றில் ஏறி நின்றது. அமெரிக்காவில் நிறங்கள் நமக்கு நேர்மாறு என்பது அப்புறம்தான் தெரிந்தது.

“யார் இப்படித் திருப்பச் சொன்னது?” என்று பிமல்தா வங்காளியில் கத்தினார்.

“நான்தான் சொன்னேன்,” என்றாள் செல்வி, அதே வங்காளியில்.

கடல் ஓதத்தில் ஆற்று நீர் ஏறிப் படகு மிதக்க இரண்டு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ‘இல்லை, என் தப்பு’ என்று சொல்ல வாய் வரவில்லை.

படகோட்ட நானும் கற்றுக்கொண்டுவிட்டேன். எனக்காக அந்த ஒரு பொய்யைச் சொன்ன அவள் மனசைப் பார்த்துத்தான் இன்னும் வயிறு எரிகிறது.