ஆய்வகக் குளிர்பெட்டியில் முட்டை

முதுகலை இரண்டாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த ஆய்வு, நொச்சி இலைச்சாறு வீக்கத்தை வற்ற வைக்குமா என்று பார்ப்பது. இலைக்குப் பஞ்சமில்லை, சாணார்பட்டியில் எங்கள் தோட்டத்து வேலியே நொச்சிதான். ஆனால் சோதனைக்கு முட்டை வேண்டும். வீக்கம் கண்ட உடம்பில் புரதம் கெடும். வெள்ளைக்கருவைச் சூடாக்கினாலும் அப்படித்தான், வெளுத்துத் திரிந்துவிடும். சாறு கலந்த குழாய் திரியாமல் நின்றால், சாற்றில் விஷயம் இருக்கிறது என்று பொருள். இதைச் செய்யாமல் ஆய்வு இல்லை. ஆய்வு இல்லாமல் பட்டம் இல்லை.

பேருந்தில் மடியில் வைத்து, உடையாமல் திண்டுக்கல் கொண்டுவந்த முட்டைகளைத் துறைத்தலைவி ஆய்வக ஃபிரிட்ஜில் பார்த்துவிட்டார்.

“ஏம்மா, இது லேபா, புரோட்டா கடையா? இம்புட்டு வருஷத்துல இந்த ஃபிரிட்ஜுக்குள்ள முட்ட நுழைஞ்சதில்ல. வெளிய கொண்டு போ.”

“புராஜெக்டுக்குத்தான் மேடம்.”

“எதுக்கா இருந்தா என்ன? சாமி கும்புடுற கையால இந்தக் கதவத் தொறக்குறேன். சுத்தம்னு ஒண்ணு இருக்குல்ல?”

சுத்தமாம்! எனக்குச் சுருக்கென்றது. முட்டை தின்று வளர்ந்த உடம்பு இது. அப்படியானால் நான் யார்? மதிப்பெண் அவர் கையில் என்று தெரியும். தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

மேல்தட்டில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. இதே சோதனைக்கு முட்டைக்குப் பதிலாகப் பயன்படும் தூள். முனைவர் பட்ட ஆய்வாளர்கள் மட்டும்தான் எடுக்கலாம், நாங்கள் தொடக்கூடாது.

“அந்தக் குப்பி மட்டும் இருக்கலாமா மேடம்?”

“அது கெமிக்கல்மா.”

“மாட்டு ரத்தத்துல எடுத்த புரதம் மேடம். லேபிள்லயே போட்ருக்கு, பாருங்க.”

பாடம் நடத்துகிறவருக்கு அது தெரியாததா? எடுத்துச் சொல்லத்தான் அதுவரை ஆளில்லை. அவர் முகம் செத்துப்போயிற்று. “ரொம்பப் பேசுற நீ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் முட்டையை வெளியே எடுக்கவில்லை.

மறுநாள் சாறில்லாத குழாய் சூடேறியதும் வெள்ளையாகத் திரிந்தது. நொச்சிக் குழாய் கலங்காமல் நின்றது. சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

அறிக்கையில் ‘முட்டை’யை அடித்துவிட்டு, வெறும் ‘புரதம்’ என்று துறைத்தலைவி திருத்தியிருந்தார். நான் மறுபடி முட்டை என்றே போட்டு அச்சடித்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கேட்டார்: “என்ன புரதம்மா எடுத்தீங்க?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த துறைத்தலைவி சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் அவரையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன்.

“முட்டை சார். எங்க வீட்டுக் கோழி போட்டது. இந்த லேப் ஃபிரிட்ஜுக்குள்ளதான் வச்சிருந்தேன்.”