மனைவியை அனுப்பிவிடச் சொன்ன ஞாயிறு

வியாழன், பிற்பகல் மூன்றரை மணி. தோகாவில் ஏறிப் பதின்மூன்று மணி நேரம் காலை மடக்கியபடி உட்கார்ந்திருந்துவிட்டு மொன்றியலில் இறங்கினேன். வெளியே விழுந்தது மழையுமில்லை, பனியுமில்லை. இரண்டும் கலந்த ஒரு சகதி. நவம்பர் கடைசியில் புத்தியுள்ளவர் யாரும் இந்த ஊருக்கு வருவதில்லை. நானும் ஊர் பார்க்க வரவில்லை. இங்கே இருக்கும் என் தம்பியின் மனைவி கௌரி, இரண்டு மாதத்துக்கு முன்பு மட்டக்களப்புக்குத் தொலைபேசி எடுத்திருந்தாள்.

"மச்சாள், ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. உங்கட தம்பி இப்ப பேஸ்மெண்டிலதான் படுக்கிறார்."

"ஏன், என்ன நடந்த?"

"நீங்கள் கிறிஸ்தவராம், நான் சைவமாம். இருபத்துமூண்டு வருசத்துக்குப் பிறகு கண்டுபிடிச்சிருக்கிறார்."

விமான நிலையத்திலிருந்து பியர்பொன்ட்ஸில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் பதினைந்து கிலோமீட்டர். வேலை விடும் நேரம் என்பதால் முக்கால் மணி நேரம் பிடித்தது. கௌரிதான் கார் ஓட்டினாள். வழி நெடுக ஒரே மாதிரியான தாழ்ந்த வீடுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு கார்கள். தம்பியின் வீடும் அப்படித்தான். மேலே மூன்று அறை, நிலத்துக்குள் ஒரு தளம். அந்த நிலத்தளத்தில், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் விரித்த மெத்தையிலிருந்து எழுந்து வந்து, "வாங்க அக்கா" என்றான் என் தம்பி. எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை. தம்பியின் மகள் அனுஷாவுக்குப் பதினேழு வயது. என்னை டவுன்டவுனுக்குக் கூட்டிப்போனாள். ஆளுக்கு மூன்றே முக்கால் டொலர் சீட்டு. பஸ்ஸும் மெட்ரோவுமாக ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் பிரெஞ்சில் யாரோடோ கதைத்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "மாமி, அப்பா எங்களோட இருந்து சாப்பிடுறேல்ல. அம்மா சாமிக்கு வச்சுப் படைச்ச சோறாம். தனிய நூடுல்ஸ் அவிச்சுச் சாப்பிடுறார்."

"நீ கேக்கல்லையா?"

"கேட்டனான். 'நீ சின்னப்பிள்ளை, உனக்கு விளங்காது' எண்டார்."

பெரிய கட்டடங்களையும் இரண்டு பல்கலைக்கழகங்களையும் காட்டினாள். எனக்கு எதுவும் மனதில் பதியவில்லை.

ஞாயிறு, காலை பத்து மணி. புவாண்ட்-கிளேரில், டயர்க் கிடங்கு ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து எங்கள் ஆட்கள் அறுபது பேர் ஜெபம் பண்ணுகிறார்கள். தம்பி அங்கே கீபோர்ட் வாசிக்கிறான். பாஸ்ரர் ஆறு வாரமாக ஒரே பகுதியைத்தான் பிரசங்கம் பண்ணுகிறாராம். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிய யூதர்களிடம் எஸ்றா என்ற ஆசாரியர், அயலினப் பெண்களைக் கட்டியவர்களெல்லாம் அவர்களை அனுப்பிவிட வேண்டும் என்ற இடம். கொட்டும் மழையில் சனம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இது ஒரு நாளில் முடிகிற வேலையா என்று கெஞ்சியது. பிறகு ஊர் ஊராக விசாரித்துப் பட்டியல் எழுதினார்கள். பட்டியலில் பெயர் வந்தவன் கையடித்துச் சத்தியம் பண்ணி மனைவியை அனுப்பினான்.

முப்பது வருடம் ஞாயிறு பாடசாலையில் படிப்பித்தவள் நான். அந்த அதிகாரத்தை ஒவ்வொரு முறையும் நைசாகத் தாண்டிப் போயிருக்கிறேன். இடிந்த ஊருக்குத் திரும்பிய கொஞ்சப் பேர், கரைந்து காணாமல் போய்விடுவோம் என்று பயந்தது எனக்கு விளங்குகிறது. இந்த மண்டபத்திலும் அதே பயம்தான். பிள்ளைகள் பிரெஞ்சில் கதைக்கிறார்கள், வளர்ந்ததும் ஜெபத்துக்கும் வருவதில்லை. அதற்கு, பயந்தவன் தன் பயத்தைப் பொண்டாட்டியின் தலையிலா கட்டுவது?

பிரசங்கம் முடிந்தது. "தீர்மானம் எடுத்தவர்கள் முன்னுக்கு வாங்கோ, கையைத் தாங்கோ" என்றார் பாஸ்ரர். கீபோர்ட் நின்றது. என் தம்பி எழுந்தான்.

நானும் எழுந்தேன். "பாஸ்ரர், ஒரு கேள்வி. அந்தப் பட்டியல் முடியிற இடத்தில, அந்தப் பொண்டுகளில சில பேருக்குப் பிள்ளைகளும் இருந்த எண்டு இருக்கு. அதோட புத்தகமே முடியுது. அந்தப் பிள்ளைகள் எங்க போன?"

"சகோதரி, கூட்டம் முடியட்டும். பேந்து கதைப்பம்."

"பேந்து வேணாம். இப்பச் சொல்லுங்க."

"அது எழுதப்படேல்லை."

"எழுதல்லத்தானே. அதாலதான் கேக்கிறன்."

யாரோ பாட்டைத் தொடங்கினார்கள். அறுபது பேரும் கைதட்டிப் பாடிய சத்தத்தில் என் குரல் அடிபட்டுப் போனது. தம்பி என் முகத்தைப் பாராமல் போய்க் கையைக் கொடுத்தான். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அந்த நேரத்தில் அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். நாற்காலி வரிசை குறுக்கே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் குசினி வாசலில் நின்று கௌரியிடம் சொன்னான்: "நீர் கொஞ்ச நாளைக்கு டொரொண்டோவில உம்மட அக்காவோட போய் இரும். மனம் மாறினா வாரும்."

கௌரி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "வீடு ஆற்ற பேரில இருக்கு?"

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் பிள்ளை கட்டிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போவான். கோபித்தால் அவன்தான் சட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவான். கௌரியின் தாய் திருகோணமலையில் காணி விற்று அனுப்பிய காசோடு இந்த வீட்டை வாங்கியபோது, "எங்கட ஊர் வழக்கத்தை விடக் கூடாது" என்று பெருமையாக அவள் பேரில் எழுதியவன் என் தம்பிதான். எருசலேமின் சட்டத்தைப் படித்த அவசரத்தில் மட்டக்களப்பின் சட்டத்தை மறந்துவிட்டான்.

"அனுப்புறதெண்டா நான்தான் அனுப்ப வேணும்," என்றாள் கௌரி. "நான் அனுப்பேல்லை. கீழ இருந்து மேல வாரதெண்டா வாங்கோ. இல்லாட்டி உங்கட கையடிச்ச ஆக்களிட்டப் போங்கோ."

அவன் மேலே வரவில்லை. திங்கள் முழுக்கப் பெட்டி அடுக்கினான்.

செவ்வாய், காலை ஒன்பது மணி. அன்று மாலை எனக்கு விமானம். தம்பி நிலத்தளத்திலிருந்து கூப்பிட்டான். கண் சிவந்திருந்தது.

"அக்கா, சபை ஆக்கள் தாற அறையில எத்தின நாள் இருக்கிற? நான் ஊருக்கு வாறன். அம்மாட வீடுதானே."

"அம்மாட வீடு இப்ப என்ட வீடு. பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வா, கதவு திறப்பன். தனிய வந்தா வாசல் முத்தத்தில நிண்டுதான் கதைக்கணும்."

சொல்லிவிட்டு மேலே வந்து அழுதேன். மனைவியோடு கோபித்து வரும் ஆணுக்கு எங்கள் ஊரில் எந்தச் சகோதரியும் வாசலை மறித்ததில்லை. நான் மறித்தேன். ஆத்திரம் தீரவில்லை, கூடத்தான் செய்தது.

பத்தரைக்கு அவனுடைய காரில் பெட்டிகள் ஏறின. கீபோர்ட்டை ஒருவராகத் தூக்க முடியாது. அனுஷா கேட்காமலே வந்து ஒரு முனையைப் பிடித்தாள். சகதியில் வழுக்காமல் இருவரும் மெல்ல நடந்து பின் இருக்கையில் வைத்தார்கள். அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் அவன் மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது. அவனோடு அவள் வேறு பாஷை கதைத்து நான் கேட்டதில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "பொன் ஜூர்னே, மிஸ்யே" என்றாள்.

பிரெஞ்சில் 'நல்ல நாளாகட்டும், ஐயா' என்று அர்த்தம். கடையில் முன்பின் தெரியாத ஆளை அனுப்பி வைக்கும்போது சொல்லும் மரியாதை. பால் வாங்கப் போன இடத்தில் எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

தம்பி கார்க் கதவைப் பிடித்தபடி நின்றான். அனுஷா உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கதவைப் பூட்டினாள்.