நரான்ஹா விற்கும் சுப்பராயலு

"நரான்ஹா! நரான்ஹா!"

சிதம்பரம் பேருந்து நிலைய வாசலில் ஆரஞ்சுப் பழத்தை வேறு யாரும் இந்தப் பெயர் சொல்லிக் கூவ மாட்டார்கள். முதலில் ஒரு பழத்தை மூக்கில் வைத்து ஓர் இழுப்பு. பிறகுதான் சுப்பராயலுவுக்குக் குரல் வரும். "அதென்னாங்க பேரு?" என்று கேட்டு நின்றவர் தொலைந்தார். அவர் ஏற வேண்டிய பஸ் போய்விடும்.

"ஸ்பெயின்காரன் வெச்ச பேருங்க. வலென்சியா ஹார்பர்ல எறங்குனா ரோட்டோரம் பூரா இந்த மரந்தான். அவன் நரான்ஹாம்பான். அரபுக்காரன் நாரஞ்சும்பான். ஈரான்ல நாரங்கு. எல்லாம் எங்கேருந்து போச்சு? நம்மூட்டு நார்த்தங்காலேருந்துங்க! கப்பலேறிப் போன பேரு."

சரக்குக் கப்பலின் எந்திர அறையில் எண்ணெய் போட்டுக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகச் சுற்றியவர். அகராதிக்காரர்கள் பலரும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்கள் என்றேன். "அவுங்களும் கப்பல்ல இருந்தாங்களா சார்?" என்று ஆசையாகக் கேட்டார். அட, இந்த மனுஷரை என்ன செய்வது!

வண்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி ராசம்மாள். 2009 பொங்கலுக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. கடலூர் முதுநகரில் குடியிருந்த காலத்தில் தெருவுக்கே கேட்கிற மாதிரி புருஷனைத் திட்டி வெளுத்து வாங்கியவராம். "அந்தத் திட்டு வாங்காம சோறே எறங்க மாட்டேங்குது சார்."

அப்போதெல்லாம் அவர் கப்பலுக்குக் கிளம்பினால் ராசம்மாள் வாசற்படியில் நிறுத்தி, உப்பு நார்த்தங்காயில் ஒரு துண்டு கிள்ளி அவர் நாக்கில் வைப்பாராம். கடலில் குமட்டக் கூடாதாம். "ஒழுங்கா வந்து சேரு" என்பாராம்.

சாயங்காலம் வியாபாரம் ஓய்ந்ததும் அதே உப்பு நார்த்தங்காய் போட்டு வைத்த டப்பாவைத் திறந்து மனைவியிடம் காட்டுவார். "இது என்னா, சொல்லு பாப்பம்?"

பிறகு என் பக்கம் திரும்புவார். "அந்தப் பேரு எத்தினி தேசம் சுத்திச்சு! தேஞ்சி போயும் உசுரோட இருக்குதுல்ல. இவ பேச்சு மட்டும் எங்க போயிடும்? வந்துரும் சார்."

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் தினமும் என் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன்.

நேற்றும் ராசம்மாளின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "செரி வுடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அவர் டப்பாவை மூடப் போனார். ராசம்மாள் விடவில்லை. இடது கையை உள்ளே விட்டுத் தடுமாறி ஒரு துண்டு கிள்ளினார். அதை எட்டி அவர் உதட்டில் அழுத்தினார். அவர் வாயைத் திறந்ததும் நாக்கில் வைத்தார்.

சுப்பராயலு திரும்பி வண்டியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து மூக்கில் வைத்தார். வெகுநேரம் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.