மேஸ்திரி மூடச் சொன்ன வாய்

எண்பதுகளின் கடைசியில் ஒரு மாதம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதுரையில் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை மாலைகளில் ஜாஸ் வாசிக்கும் குழு ஒன்று இருந்தது. அதன் புல்லாங்குழல்காரர் வெளிநாடு போகிறார் என்று கேள்விப்பட்டதும் என் உலோகக் குழலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குழுத் தலைவர் இரண்டு வரி கேட்டார். கையமர்த்தினார்.

“விரலு சுத்தமா இருக்கு தம்பி. நாக்குதான் ஆணி அடிக்குது. ஒவ்வொரு சுரத்துக்கும் எதுக்கு ‘து’ன்னு குத்துறீங்க? ரெண்டுக்கு ஒண்ணு போதும். அதையும் தட்டாதீங்க, தொடுங்க. அடுத்த மாசம் வாங்க, பாப்போம்.”

சர்ச் பேண்டில் பழகிய நாக்கு அது. அங்கே அப்படிக் குத்தினால்தான் கடைசி வரிசைவரை கேட்கும். இந்தக் குழு கைவிட்டால் ஆயுளுக்கும் கல்யாண ஊர்வலமும் கிறிஸ்துமஸும்தான் எனக்கு.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில். பஸ்ஸில் குழலை எடுக்க முடியாது. வாய் மட்டும் ‘து-ஊ, து-ஊ’ என்று, இரண்டு சுரத்துக்கு ஒரு தொடுகையாக, முணுமுணுக்கும். “என்ன தம்பி, பரீட்சையா?” என்றார் பக்கத்தில் இருந்தவர். முறைத்தேன். மில்லிலும் விடவில்லை. அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப் போகிறது? அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே இயந்திரங்களுக்கு நடுவே நடப்பேன். தாடை அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

அதுவே வினையாகப் போனது. மில்லுக்குள் வெற்றிலை போடக் கூடாது. எச்சில் தெறித்தால் வெள்ளை நூலில் கறை விழும். ஆடும் தாடையைத் தூரத்திலேயே கண்டுவிட்ட மேஸ்திரி, நேரே வந்து என் காதில் கத்தினார்.

“ஏலே, வாயத் தொற!”

திறந்தேன். நாக்கைத் தூக்கச் சொன்னார். கன்னத்தில் அதக்கியிருக்கிறேனா என்று எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

“எங்கிட்டயேவா? முழுங்கிட்டியாக்கும். இனிமே தாடை அசைஞ்சதப் பாத்தேன், கேட்டுக்கு வெளியதான் நிப்ப.”

அன்றிலிருந்து அவர் எனக்கு ஜென்ம விரோதி. மனதுக்குள் திட்டாத திட்டில்லை. ஆனாலும் நாள் போய்க்கொண்டிருந்ததே, சும்மா இருக்க முடியுமா? உதட்டை மூடினேன். தாடையை இறுக்கினேன். நாக்கின் நுனி மட்டும், வெளியே தெரியாத அளவுக்கு, பல்லின் பின்னால் தொட்டுத் தொட்டு விலகியது. ஷிப்டு முழுக்க இதே வேலை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குழலை எடுத்தபோது சத்தமே மாறியிருந்தது. மூச்சு அறுபடவில்லை. எனக்கே நம்பிக்கை வராமல் அதே வரியை மறுபடி மறுபடி வாசித்தேன்.

மதுரையில் இரண்டாவது முறை. பயத்தில் முதல் வரியிலேயே பழைய ஆணி திரும்பிவிட்டது. தலைவரின் கை மேலே எழும்புவதைப் பார்த்தேன். சட்டென்று மேஸ்திரி எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டேன். தாடை தானாக அடங்கியது. எழுந்த கை இறங்கித் தொடையில் தாளம் போடத் தொடங்கியது.

“சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துருங்க.”

சனிக்கிழமை லீவு வேண்டுமே. அதைக் கொடுக்க வேண்டியவரும் மேஸ்திரிதான். ஹோட்டலில் குழல் வாசிக்கப் போகிறேன் என்றேன்.

“மொதல்ல வாயத் தொற” என்றார்.

திறந்தேன். கோபமே வரவில்லை. அவர் கேட்காமலே நாக்கையும் தூக்கிக் காட்டினேன். உள்ளே உற்றுப் பார்த்தார்.

“சரி, போயிட்டு வா. அங்கயாவது தாடைய ஆட்டாம இரு.”