மஞ்சள் விளக்குக்கு மூன்று விடைகள்

வண்டியின் மேல் கையே வைக்காமல் ஊருக்கெல்லாம் சாலை விதி சொல்லிக் கொடுக்கும் தொழில் ஒன்று இருக்கிறது. அதைத்தான் நான் பார்த்துவருகிறேன். எங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் மாஸ்டரின் பொறுப்பு. எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமத்துக்குக் கணினியில் ஒரு தேர்வு வைக்கிறார்களே, அதற்கு ஆட்களைத் தயார் செய்வது என் பொறுப்பு. பள்ளிக்குப் பெரம்பலூரில் ஒரு கிளை, அரியலூரில் ஒரு கிளை. பாதி வாரம் அங்கே, மீதி வாரம் இங்கே, மிச்ச வாழ்க்கை இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில். வயது வந்தவர்களுக்கு, அதிலும் தமக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று நம்புகிறவர்களுக்கு, என்றைக்காவது பாடம் நடத்தியவர்கள் இதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

ஓரக் கோடு

பெரம்பலூர் வகுப்பில் மக்காச்சோளம் போடும் விவசாயி ஒருவர் இருந்தார். பெயர் ராமசாமி. மகன் விடாமல் நச்சரித்ததால் உரிமம் எடுக்க வந்தவர். நான் பலகையில் ஒரு சாலையை வரைந்து, விளிம்பில் வெள்ளைக் கோடும் போட்டு, "இந்தக் கோடு எதுக்குங்க?" என்று கேட்டேன். "கோட்டுக்கு அந்தாண்ட சோளம் காயும், இந்தாண்ட வண்டி போவும்" என்றார். யோசிக்கவே இல்லை. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை; இரண்டு பேர் அதை எழுதிக்கொண்டார்கள்.

பொதுச் சாலையில் தானியம் காயவைப்பது கூடாது, ஸ்கூட்டர் சறுக்கிவிடும், ராத்திரியில் குவியல் கண்ணுக்குத் தெரியாது என்று ஆரம்பித்தேன். எனக்கு ஆரம்பிக்க மட்டும்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது. சோழர் காலத்துப் பெருவழிகள் வரைக்கும் போய்விட்டேன். சாலை என்பது பயணத்துக்காகவே ஏற்பட்டது என்று நிரூபித்து முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ராமசாமி சொன்னார்: "எல்லாம் சரிங்க சார். மழை இருட்டிக்கிட்டு வந்தா உங்க சட்டம் வந்து ஒரு மூட்டை அள்ளிக் குடுக்குமா?"

வட்டமும் முக்கோணமும்

சாலைக் குறியீடுகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், வடிவத்தைப் பாருங்கள் என்பேன். வட்டத்துக்குள் இருந்தால் கட்டளை, மீறினால் தண்டனை. முக்கோணத்துக்குள் இருந்தால் எச்சரிக்கை. பார்த்துப் போ என்று அர்த்தம். நீலச் சதுரம் வெறும் தகவல். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண் இதைக் கேட்டதும் தலையைத் தலையை ஆட்டினாள். புரிந்ததா என்று கேட்டேன்.

"நல்லா புரியுது சார். எங்க வூட்ல மாமியார் வட்டம். மாமனார் முக்கோணம், சும்மா எச்சரிப்பாரு, அதோட சரி" என்றாள். சும்மா இருந்திருக்கலாம். "வீட்டுக்காரர்?" என்று கேட்டுவிட்டேன். "அவரு நீலச் சதுரம் சார். ஆஸ்பத்திரி எங்க, பெட்ரோல் பங்க் எங்கன்னு சொல்லுவாரு. வேற ஒண்ணுக்கும் ஆவ மாட்டாரு."

மாஸ்டரின் வழி

எங்கள் மாஸ்டர் பெயர் ஜமால். நான் ஒரு வாரம் நடத்தும் பாடத்தை அவர் ஒரு டீ ஆறுவதற்குள் நடத்தி முடித்துவிடுவார். மூன்று விடைகள் இருக்கும். அவற்றில் எது ரொம்ப நல்ல பிள்ளையாகப் பேசுகிறதோ அதுதான் சரி. நிற்பது, வழி விடுவது, மெதுவாகப் போவது என்று எது கண்ணில் பட்டாலும் உடனே அமுக்க வேண்டும். வேகத்தைக் கூட்டுவது, ஹாரன் அடித்துக்கொண்டே போவது என்று இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. கேள்வியைப் படிக்க வேண்டியதே இல்லை என்பது அவருடைய கட்சி.

எனக்கு இது அடுக்காது. விதி என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் இருந்தால் விதிவிலக்கும் இருக்கும். விலக்குத் தெரியாதவனுக்கு விதியும் தெரியாது. சட்டப் புத்தகத்தின் அடிக்குறிப்புகளைக்கூட விடாமல் படித்தவன் நான். இதையெல்லாம் ஒரு நாள் அவரிடம் விளக்கினேன். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னார்: "சார், வந்தவன் எல்.எல்.ஆர். கேக்குறான். நீங்க அவனை வக்கீலாக்கித்தான் அனுப்புவேங்கிறீங்க."

வீட்டுக்கு வந்த ஆர்டர்

இப்படிப் பிறத்தியார் தேர்வுகளை வைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் என் மனைவி கலைவாணிக்கு மாறுதல் ஆர்டர் வந்தது. அவள் கிராம சுகாதாரச் செவிலியர். இத்தனை வருஷம் அரியலூருக்குப் பக்கத்திலேயே ஓடிவிட்டது. இப்போது தா.பழூருக்கும் அப்பால் ஒரு துணை சுகாதார நிலையம். தா.பழூர் வரைக்கும் பஸ் உண்டு. அதற்கு மேல் ஊர் ஊராகப் போகக் கால்தான். ஸ்கூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே போய் வரலாம். இல்லாவிட்டால் நிலையத்தோடு சேர்ந்த குவார்ட்டர்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்க வேண்டும்; நான் அரியலூரில் தனிக்கட்டை. மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லும்படி அவளுக்கு மேலே இருக்கும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், ஆனால் மைதானத்துக்குள் மட்டும். உரிமம் இல்லாமல் ரோட்டுக்கு வரவே கூடாது என்று வாசலில் நின்று தடுத்த மகானுபாவன் நான்தான்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேர்வுக்குத் தேதி வாங்கினேன். சமையலறைச் சுவரில் குறியீட்டுப் படங்களை ஒட்டினேன். குழம்பு கொதிக்கும்போது ஒரு கேள்வி, துணி உலர்த்தும்போது ஒரு கேள்வி. அவள் பதில் சொன்னால் அதற்கு ஒரு துணைக் கேள்வி. "பின்னால ஆம்புலன்ஸ் வருது. என்ன செய்வே?" என்று கேட்டேன். "உள்ள யாரு, எத்தனாவது மாசம்னு கேப்பேன்" என்றாள். அப்படி ஒரு விடை அங்கே இருக்காது, ஓரமாக ஒதுங்கி வழி விடுவதுதான் விடை என்றேன். மிளகாயைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, இந்தக் கேள்வி போட்டவரு ஒரு தடவைகூட ஆம்புலன்ஸ்ல ஏறுனதில்ல போலருக்கு."

எங்கே முந்தக் கூடாது?

அந்த நாட்களில் வகுப்பிலும் என் புத்தி என்னிடம் இல்லை. பெரம்பலூரில் இறங்க வேண்டியவன் பஸ்ஸிலேயே உட்கார்ந்து தாண்டிப் போன நாளும் உண்டு. அரியலூர் வகுப்பில் செந்தில் என்று ஒரு ஆள், சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பரில் கிளீனர். எந்தெந்த இடத்தில் முன்னால் போகும் வண்டியை முந்தக் கூடாது என்று கேட்டிருந்தேன். வளைவு, குறுகிய பாலம், எதிரே வருவது தெரியாத மேடு என்று வரிசையாக வரும் என்பது என் எதிர்பார்ப்பு. அவர் எழுந்து நின்று, "முன்னால போறது ஓனர் காரா இருந்தா முந்தக் கூடாது சார்" என்றார். நான் தா.பழூர் பஸ் நேரத்தை மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். "ரொம்பச் சரி, உக்காருங்க" என்றேன்.

வகுப்பு முழுக்கச் சிரித்த பிறகுதான் விழித்துக்கொண்டேன். அது தவறு என்று திருத்தப் போனால் மனிதர் ஒப்புக்கொள்ளவில்லை. "சரின்னு சொன்னதைச் சரின்னே வெச்சுக்குங்க சார். வளைவுல முந்துனாகூட ஒருவேளை தப்பிச்சிடலாம். ஓனரை முந்திட்டா மறுநாள் வேலை இருக்காது."

நேரம் முடிந்தது

தேர்வு நாள் அன்று நானும் கூடப் போனேன். உள்ளே விடமாட்டார்கள். வெளியே நின்றுகொண்டு, அங்கே மாட்டியிருந்த அறிவிப்புகளையெல்லாம் ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். ஒன்றில் கமா இடம் மாறியிருந்தது. வேறு நாளாக இருந்தால் உள்ளே போய்ச் சொல்லியிருப்பேன். கலைவாணி வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி. மூன்று விடைகள். கோட்டுக்கு முன்னால் நிற்பது என்று ஒன்று பளிச்சென்று இருந்திருக்கிறது. எதுவும் படிக்காதவர் அதை அமுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். ஆனால் அவளுக்கு நான் பாடம் நடத்தியிருந்தேன். ஏற்கெனவே கோட்டைத் தாண்டியிருந்தால் நிற்கக் கூடாது, கவனமாகக் கடந்துவிட வேண்டும். மஞ்சள் விட்டு விட்டு எரிந்தால் அது வேறு சங்கதி. சடாரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவன் கதி என்ன? அவள் இத்தனையையும் யோசித்திருக்கிறாள். ஒவ்வொரு கேள்விக்கும் கொடுக்கும் நேரமோ கொஞ்சம்தான். அடுத்த கேள்விக்கும் அதே கதி, அதற்கடுத்ததற்கும் அதே கதி. "நான் சொன்னதுல எது தப்பு?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத நேரத்தில் கேட்பது என் வழக்கம். அவள் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் குவார்ட்டர்ஸில் குழாய்த் தண்ணீர் வருமா என்று போனில் விசாரித்தாள். போனை வைத்துவிட்டுத்தான் எனக்குப் பதில் சொன்னாள்: "தப்பே இல்லங்க. நான் கோட்டுக்கு இந்தாண்ட நிக்கிறேனா அந்தாண்ட நிக்கிறேனான்னு கேள்வியில போடல. யோசிச்சுக்கிட்டே இருந்தேன், அடுத்த கேள்வி வந்துடுச்சு."

பக்கத்து அறை

மறுபடியும் தேதி வாங்கினோம். மாதம் முடியும் தறுவாயில்தான் கிடைத்தது. இந்த முறை சமையலறையில் நான் வாயைத் திறந்தாலே மிக்ஸி ஓட ஆரம்பித்துவிடும். ஒரு நாள் அவளே எங்கள் பள்ளிக்கு வந்தாள். நேராக ஜமால் மாஸ்டர் அறைக்குப் போனாள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். "அக்கா, எந்தப் பதிலு பணிவா பேசுதோ அதை அமுக்குங்க. மேல யோசிக்காதீங்க" என்பது என் காதில் தெளிவாக விழுந்தது. நான் குரலை உயர்த்திப் பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தேர்ச்சி பெற்றாள். வெளியே வந்தவள் முதல் வேலையாக டாக்டருக்குப் போன் போட்டு, குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்று சொன்னாள். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. மூச்சு வந்ததும் வாயும் வந்துவிட்டது. மஞ்சள் விளக்கு இந்த முறையும் வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சு. நிக்கணும்னு ஒரு பதிலு இருந்துச்சு, அமுக்கிட்டேன்" என்றாள். "ஒருவேளை கோட்டைத் தாண்டியிருந்தா?" என்றேன். நின்று, திரும்பி, என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, நான் நாற்காலியில உக்காந்திருந்தேன். நாற்காலி எந்தக் கோட்டையும் தாண்டாது."

முதல் நாள்

ஸ்கூட்டரின் முன்னும் பின்னும் சிவப்பில் எல் ஒட்டிக்கொண்டு தா.பழூருக்குப் புறப்பட்டாள். பின்னால் உட்கார்ந்து நானும் போயிருப்பேன். ஆனால் இரு சக்கர வண்டி பழகுகிறவர், கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. இதை வகுப்புக்கு வகுப்பு அழுத்திச் சொல்கிறவன் நான். ஆகவே ஜமால் மாஸ்டரின் கையைக் காலைப் பிடித்தேன். சாயங்காலம் அவள் திரும்பும்போது, அவளுக்குத் தெரியாமல், பள்ளிக் காரில் பின்னாலேயே வர வேண்டும். முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

வர வேண்டிய நேரம் வந்தது, அவள் வரவில்லை. விளக்கு வைத்தாகிவிட்டது, அப்போதும் வரவில்லை. மாஸ்டருக்குப் போன் போட்டால், வண்டி ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்று நான் சொன்னதை அன்றைக்கென்று கடைப்பிடித்தார். வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். "அப்பா, நீ நடந்த நடைக்கு இந்நேரம் விக்கிரமங்கலம் தாண்டியிருப்பே" என்றாள் மகள். கடைசியில் தெருமுனையில் ஒரு வெளிச்சம். ஆளே இல்லாத தெருவில் இண்டிகேட்டர் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, ஸ்கூட்டர் திரும்பியது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "மாஸ்டர் பின்னாடி வராரு. பாவம், ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்தாரு, கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். அவருக்கும் சேத்து டீ போடுறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

மாஸ்டர் காரை நிறுத்திவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறினேன். ஒன்றும் ஆகவில்லை என்றார். பள்ளிக்கூடப் பலகையைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்திருக்கிறாள்; பள்ளிக்கூடம் விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. குறுகிய பாலத்தில் எதிரே வந்த அத்தனை வண்டிக்கும் வழி விட்டிருக்கிறாள். ஒவ்வொரு கூட்டு ரோட்டிலும் நின்று, பார்த்து, மறுபடியும் பார்த்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறாள். மறைந்து வந்த பாவத்துக்கு மாஸ்டரும் நிற்க, அவருக்குப் பின்னால் டிப்பர்காரர்கள் அடித்த ஹாரனில் காது அடைத்துவிட்டதாம். பெருமூச்சு விட்டபடி நாற்காலியில் சாய்ந்து சொன்னார்: "தா.பழூர்லேர்ந்து பின்னாலயே வரேன் சார். அக்கா ஒரு எடத்துலகூட தப்பு பண்ணல. அதான் இவ்வளவு லேட்டு."

இந்தத் தொழிலில் தேறாதவர்களுக்காகப் படுகிற கவலை பாதிதான். மீதிப் பாதி, தேறியவர்கள் சாயங்காலம் வீடு வந்து சேரும் வரைக்கும்.